தூக்குப்போசியில் சாத்தி

இறங்க மாட்டேன். கருக்கம்பாளையம் பிரிவில் நின்றபோதும் இறங்கவில்லை, நூல் மில்லில் பாதிக் கூட்டம் இறங்கி பஸ்ஸுக்குள் காற்று வந்தபோதும் இறங்கவில்லை, இனி எங்கே நின்றாலும் இறங்குவதாக இல்லை, நேராக அருங்காட்சியகத்து வாசலில் இறங்கி, இம்மானுவேல் சார் மேசைமேல் இந்தப் போசியைத் திறந்து, பஞ்சைப் பிரித்து, பழைய பானை ஓட்டை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று வீட்டுக் கதவைப் பூட்டும்போதே முடிவு செய்தாகிவிட்டது. முடிவு செய்தவள் எதற்கு ஒவ்வொரு ஸ்டாப்பிலும் படிக்கட்டைப் பார்க்கிறாள்? போசி மடியில் இருக்கிறது. கீழே வைக்கக் கூடாது, வைத்தால் இந்த டிரைவர் போடுகிற பிரேக்குக்கு உருண்டு பின்சீட்டுக்குப் போய்விடும், ரெண்டாயிரம் வருஷம் மண்ணுக்குள் பத்திரமாகக் கிடந்ததை டவுன் பஸ்ஸில் உடைத்தவள் என்ற பேர் எனக்கு வேண்டாம். பக்கத்தில் முருங்கைக்கீரைக் கட்டோடு உட்கார்ந்திருக்கிற அம்மாள் ஏறினதிலிருந்து போசியையே பார்த்துக்கொண்டு வந்தாள், கடைசியில் பொறுக்க முடியாமல், "ஏனுங்க்கா, ஆஸ்பத்திரிக்குச் சோறுங்களா?" என்றாள். தூக்குப்போசியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போகிறவள் வேறு எங்கே போவாள். "ஆமாங்" என்றுவிட்டேன். "ஆம்பளைங்களா, பொம்பளைங்களா?" எந்த வார்டு என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறாள், வேறொன்றுமில்லை, ஆனால் அதைத்தானே தாயே நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "பொம்பளைதானுங்" என்றேன். சொன்ன பிறகு அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது.

உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஓடு. வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு, ஏதோ ஒரு பானையின் தோள்பட்டையிலிருந்து உடைந்தது. அதன்மேல் கூரான எதையோ வைத்துக் கீறின மூன்று எழுத்து, இன்றைக்கு எழுதுகிற எழுத்து இல்லை, கோடும் கொக்கியுமான பழைய தமிழி எழுத்து. சா, த், த. அத்தோடு ஓடு உடைந்துவிட்டது. கடைசி எழுத்தின் உச்சியில், உடைந்த விளிம்பை ஒட்டி, ஒரு சின்னக் கோடு, அரிசி நீளம்கூட இல்லை. அந்தக் கோடு உண்மையென்றால் கடைசி எழுத்து தி. சாத்தி. ஒரு பெண். அந்தக் கோடு இல்லையென்றால் அது வெறும் த, உடைந்துபோன பக்கத்தில் ஒரு ன் இருந்திருக்கும், சாத்தன், ஒரு ஆண், அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒருத்தன் சாத்தன். இது எனக்குக் கிடைத்த இடத்தை இம்மானுவேல் சார் கேட்பார், சொல்லித்தான் ஆக வேண்டும், வெட்கப்பட்டால் முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நாலைந்து பேர் மேட்டுக்காட்டுக்குப் போவோம், மழை பெய்து உழவு ஓட்டின நிலத்தில் தலையைக் குனிந்துகொண்டு நடப்பதுதான் எங்கள் வேலை, பாசிமணியோ சங்கு வளையல் துண்டோ ஓட்டாஞ்சில்லோ கண்ணில் பட்டால் எடுப்பது. மருந்துக்கடை சதாசிவம்தான் எங்களுக்குத் தலைவர் மாதிரி. நான் ஒருத்திதான் பெண். ஆண்களுக்கு எங்கே வேண்டுமானாலும் ஒதுங்கலாம், நான் கிழக்கே வேலிக்கு அந்தப் பக்கம் கிளுவைப் புதர் மறைவுக்குப் போக வேண்டும், அவர்களும் மரியாதைக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், அதனால் அந்த இடத்தை ஒருத்தரும் தேடினதே இல்லை. அங்கேதான் கிடந்தது. உட்கார்ந்தவள் கண்ணுக்கு நேராக, மண் அப்பிக்கொண்டு, ஒரு மூலை மட்டும் மழையில் கழுவப்பட்டு. முதலில் எழுந்திருக்கவே தோன்றவில்லை. கையில் எடுத்து முந்தானையால் ஒற்றினபோது எழுத்து தெரிந்தது, உச்சியில் கோடும் தெரிந்தது. தெரிந்ததா? தெரிந்தது என்றுதான் நினைக்கிறேன், நெஞ்சு அடித்துக்கொண்ட அடியில் கண்ணும் துடித்திருக்கும்.

என் பிழைப்பே பேர் வெட்டுவது. பாத்திரக்கடை வைத்திருக்கிறோம், கல்லாவில் வீட்டுக்காரர், ஓரத்து ஸ்டூலில் நான், கையில் மின்சாரப் பேனா, சீர் எடுக்க வருகிறவர்கள் சொல்லச் சொல்லக் குடத்திலும் தாம்பாளத்திலும் பேர் வெட்டிக்கொண்டே இருப்பேன், அந்த உர்ரென்ற சத்தம் ராத்திரி படுத்தாலும் விரலில் கேட்கும். பொம்பளைகள்தான் பாத்திரத்தைத் தட்டிப் பார்த்து, கனம் பார்த்து, விளிம்பு தடவி வாங்குவார்கள், பேர் என்ன போட என்று கேட்டால் வீட்டுக்காரர் பேரைச் சொல்வார்கள். உங்க பேரையும் சேர்த்துப் போட்டுடறேனுங்களே என்றால் சிரிப்பார்கள், "எம் பேரு என்னத்துக்குங்" என்பார்கள், அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும், இன்றைக்கும் வருகிறது. கல்யாணப் பெண்ணுக்கு என்றால் அம்மாக்காரி வந்து, பொண்ணு பேரை மட்டும் போடுங்க, இனிஷியலுக்கு எடம் உட்டுருங்க, மாப்பிள்ளை அமைஞ்சதும் வந்து வெட்டிக்கறோம் என்பாள். முன்னால் கொஞ்சம் காலி இடம் விட்டு எத்தனை தட்டு வெட்டியிருப்பேன். அப்படி இருக்கையில் ஒருத்தி, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால், யாரையும் கேட்காமல், ஆணியோ முள்ளோ எதையோ எடுத்துத் தன் பானையில் தன் பேரைக் கீறியிருக்கிறாள் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும். அவளுக்கு நாத்தனார்கள் அதிகம் என்று வைத்துக்கொண்டேன். பானைகளை மாற்றி எடுத்துப் போய்விடுகிறார்கள், இவளுக்குக் கோபம், உட்கார்ந்து கீறுகிறாள், எழுதப் படிக்கத் தெரிந்தவள், அதை வீட்டில் சொல்லிக்கொள்ளாதவள். கை கொஞ்சம் அவசரம், சா கோணல். எனக்கும் அவசரத்தில் சா கோணும். சமையலறையில் தாளிக்கும்போதெல்லாம் அவளோடு பேசுவேன், ஏன் சாத்தி, உப்பு பத்துமா, என்று. அவர் ஹாலில் இருந்து, "என்னத்தச் சாத்தறது? கதவையா?" என்பார். அவளைத்தான் கூப்பிட்டேன் என்று சொன்ன நாளிலிருந்து அவரும் சில சமயம் கேட்பார், என்ன அம்மணி, இன்னைக்குச் சாத்தி ஒண்ணும் பேசலியா என்று. கிண்டல்தான், ஆனால் கேட்பார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அதுதான் சங்கடம். மண் அப்பின ஓட்டைச் சுரண்டக் கூடாது, தண்ணீரில் ஊறப்போட்டு, மண் தானாக விட்ட பிறகு மெத்தென்ற பிரஷ்ஷால் தொட்டும் தொடாமலும் எடுக்க வேண்டும், கீறலுக்குள் இருக்கிற மண்ணைத் தொடவே கூடாது. ஏனென்றால் பழைய கீறலுக்குள்தான் பழைய மண் இருக்கும், அதை வைத்துத்தான் எது அந்தக் காலத்துக் கோடு எது நேற்றுக் கலப்பை இழுத்த கோடு என்று சொல்ல முடியும். இதெல்லாம் தெரிந்து, சதாசிவம் படித்துப் படித்துச் சொல்லி, நானும் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டு, கிண்ணத்தை எங்கே வைத்தேன்? கைகழுவுகிற இடம் சின்னது, சமையலறைத் தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். எங்கள் வீட்டில் பாத்திரம் விளக்குவது அவர். ரொம்ப நாளாக அப்படித்தான், நான் பேர் வெட்டிக் கை மரத்து வருவேன், அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டி முன்னால் நிற்பார், பாத்திரக்கடைக்காரர் வீட்டுப் பாத்திரம் பளபளவென்று இருக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம். குளித்துவிட்டு வந்து பார்த்தால் டம்ளர், கரண்டி, வாணலி எல்லாம் கவிழ்த்து வைத்திருந்தது, அதன் நடுவே என் ஓடு. பளபளவென்று. கம்பி நாரால், சோப்புத் தூள் போட்டு, உள்ளேயும் வெளியேயும். "ரொம்ப அழுக்கா இருந்துச்சு அம்மணி, நல்லா அழுத்தி வெளக்கிட்டேன்" என்று சந்தோஷமாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அன்றைக்குச் சாப்பிடவில்லை. கீறலுக்குள் ஒரு துளி மண் இல்லை. எழுத்தைச் சுற்றி மெல்லிசாக நாலைந்து புதுக் கோடுகள், கம்பி நார் இழுத்தது, ஒவ்வொன்றும் அரிசி நீளம்.

சதாசிவம் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "கருணாக்கா, இது சாத்தன்தானுங்க. அந்தக் கோடு நாச்சிமுத்தண்ணன் போட்டது" என்றார். நாச்சிமுத்து என்பது என் வீட்டுக்காரர். சதாசிவமும் ஒரு காலத்தில் செம்புக்காசு கிடைத்ததும் புளி போட்டு விளக்கிப் பளபளப்பாக்கி, காசு முகத்தையே தொலைத்தவர்தான், அதனால் சிரிக்காமல் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வேலியோரத்தில் முந்தானையால் ஒற்றினபோதே பார்த்தேனே. பார்த்தேனா, அல்லது விளக்கின பிறகு பார்த்ததை வேலியோரத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டேனா. இந்த இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு தடவையும் புத்தி நின்றுவிடுகிறது, புதரைப் பார்க்கிறேன், மண்ணைப் பார்க்கிறேன், சா தெரிகிறது, த் தெரிகிறது, உச்சிக்கு வந்ததும் சமையலறைத் தொட்டி தெரிகிறது. போட்டோ எடுத்திருக்கலாம், ஒதுங்கப் போகிறவள் யாராவது போனைக் கையில் கொண்டு போவாளா. பேர் வெட்டுகிற கைதானே, கண்டுபிடித்துவிடலாம் என்று லென்ஸ் வைத்து எத்தனையோ மத்தியானம் பார்த்திருக்கிறேன், கை அழுத்தித் தொடங்கி லேசாக முடிக்கும், அந்த அழுத்தம் மற்ற எழுத்துகளில் இருக்கிறது, இந்தக் கோட்டில் இருக்கிறதா என்றால் ஒரு நாள் இருக்கிறது, ஒரு நாள் இல்லை. இவ்வளவு பேர் வெட்டியும் ஒரு பொட்டுக் கோட்டைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் தவிப்பைப் பார்த்து அவர் ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நான் வெளக்கறதுக்கு முந்தியே அந்தக் கோடு இருந்துச்சுன்னு சொல்றேன் அம்மணி. நான் பாத்தேன்னு சொல்றேன். வெளக்குனவனே சொன்னா யாரு இல்லைம்பாங்க?" என்றார். நீங்க பாத்தீங்களா? "எங்க பாத்தேன், தேய்ச்சேன். ஆனா சொல்றேன்." அந்த மனுஷனை அன்றைக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை, இன்றைக்கு வரைக்கும் அந்தப் பேச்சு அப்படியே கிடக்கிறது. இன்று காலையிலும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, "நானும் வர்றேனே, கேட்டா சொல்றேனே" என்றார். கடையைப் பாருங்க என்று அனுப்பிவிட்டேன்.

கீரைக்கார அம்மாள் எழுந்துவிட்டாள். "பயப்படாதீங்க்கா, நல்லாயிருவாங்க, சோறு எறங்குனாலே பாதி சரியாப் போயிரும்" என்று போசியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு இறங்குகிறாள். நானும் கூடவே இறங்கிவிடலாம். எதிர்ப்பக்கம் ஒரு பஸ் நிற்கிறது, ஏறினால் கடைக்குப் போய் மத்தியானச் சீருக்குப் பேர் வெட்டலாம், பூஜை அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் ஓடு இருக்கும், யாருக்கும் நஷ்டமில்லை, சாத்தி என்று கூப்பிட ஒரு வீடு இருக்கும். வேண்டாம், உட்காரு. குழந்தைவேலண்ணன் வீட்டை நினை. எங்கள் கூட்டத்தில் மூத்தவர், இன்சூரன்ஸ் ஏஜென்டாக ஊர் ஊராகப் போனவர், போகிற ஊரிலெல்லாம் பொறுக்கினவர், ஒவ்வொரு ஓட்டையும் தனித்தனியாகத் துணியில் சுற்றி இரும்புப் பெட்டி நிறைய வைத்திருந்தார், யாருக்கும் கொடுக்க மாட்டார், நான் கேட்டபோது, "எங்கிட்ட இருந்தா இதுக்கு ஒரு ஆள் இருக்குது, அங்க போனா வெறும் நம்பர்தான்" என்றார், எனக்கு அது ரொம்பச் சரி என்று பட்டது, அதையே நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் போன பிறகு துக்கம் விசாரிக்கப் போனோம். மருமகள் நல்ல பெண், காப்பி கொடுத்தாள், அழுதாள், பெட்டியைப் பற்றி சதாசிவம் கேட்டதும், "அந்த ஓட்டுச் சில்லெல்லாங்களா? கொல்லைல பழைய கக்கூசுக் குழியை மூடறப்ப மண்ணு பத்தலீங்க, கொட்டிட்டோமுங்க. துணியெல்லாம் நல்ல துணிங்க, அவிழ்த்துத் தொவைச்சு வச்சிருக்கேன், வேணுங்களா?" என்றாள். துணிகளை மடித்து அடுக்கி வைத்திருந்தாள், மரியாதையாக. அவளுக்கு யாருமே சொல்லவில்லை, அவர் சொல்லவில்லை, ஒரு ஆள் இருக்கிறது என்று சொன்ன ஆள் சொல்லவில்லை. எனக்கு ஒரே மகன், பெங்களூரில் இருக்கிறான், அம்மா பொறுக்கறது என்று சிரிப்பான், கெட்டவன் இல்லை. அவனுக்கும் ஒரு குழி மூட வேண்டியிருக்கும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இம்மானுவேல் சாருக்கு நானே போன் செய்தேன், கொண்டு வர்றேனுங்க என்று. சொன்ன வாயால் மாற்றுவதாக இல்லை.

ஆனால் கொடுக்கும்போது கம்பி நாரைப் பற்றிச் சொல்ல வேண்டுமா. இதை முடிவு செய்வதற்குள் டவுன் வந்துவிட்டது, துணிக்கடை போர்டுகள் போகின்றன. கேட்காவிட்டால் சொல்ல வேண்டாமே. அவர் படித்தவர், பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும், நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது பொய்யா. சொன்னால் என்ன ஆகும், கோட்டைத் தள்ளிவிடுவார், சாத்தன் என்று எழுதிவிடுவார், ஏற்கெனவே இருக்கிற சாத்தன்களோடு இன்னொரு சாத்தன், முடிந்தது. நானே கொண்டுபோய் அவளை ஆம்பளை வார்டில் படுக்க வைத்துவிட்டு வந்தமாதிரி. சொல்லாவிட்டால் அவள் பிழைத்துக்கொள்வாள். எந்தக் கோட்டின்மேல் பிழைப்பாள்? என் வீட்டுக்காரர் தேய்த்த கோட்டின்மேல் என்றால் அவள் சாத்தியே இல்லையே, நானும் அவரும் சேர்ந்து தொட்டியில் செய்த பொம்மை, நாளைக்கு யாரோ ஒரு பெண் படித்துவிட்டு, அந்தக் காலத்திலேயே பெண்கள் பேர் எழுதியிருக்கிறார்கள் என்று மேடையில் பேசுவாள், நானும் கீழே உட்கார்ந்து கை தட்டுவேன். ஐயோ. கண்டக்டர் விசில் கொடுக்கிறார். இறங்கு கருணாம்பிகை, இதுதான் ஸ்டாப், முதலில் இறங்கு.

இம்மானுவேல் சார் சின்ன வயசுக்காரர், மேசையில் ஒரு துணி விரித்து வைத்திருந்தார், அது எனக்குப் பிடித்தது. பஞ்சைப் பிரித்து நானே எடுத்து வைத்தேன், என் கை கொஞ்ச நேரம் அதன்மேலேயே இருந்தது, அவர் எடுக்கச் சொல்லவில்லை, காத்திருந்தார். பிறகு ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார், லென்ஸை எடுத்தார். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். திரும்பினபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. "அம்மா, இதை முதல்ல சாத்தன்னு நினைச்சேன். கடைசி எழுத்துல ஒரு கோடு இருக்கே, பாத்தீங்களா? சாத்தி! பொம்பளைப் பேரும்மா இது!" என்றார். நான் இத்தனை வருஷம் யார் வாயிலிருந்தாவது கேட்க மாட்டோமா என்று ஏங்கின வார்த்தை, நான் சொல்லிக்கொடுக்காமல், அவராகச் சொன்னார். எனக்குச் சந்தோஷம் பொங்கி வந்தது, உண்மையாகவே பொங்கி வந்தது, வாயைத் திறந்தால் ஆமாங் என்று சொல்லிவிடுவேன் என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"சார், அந்தக் கோட்டை நம்பாதீங்க" என்றேன். "எங்க ஊட்டுக்காரர் பாத்திரத்தோட சேத்துக் கம்பி நாருல வெளக்கிட்டாருங்க. அதுல உழுந்ததா இருக்கலாம். முந்தியே இருந்ததாவும் இருக்கலாம். நான் பாத்தனா இல்லையான்னு எனக்கே தெரியலீங்க." அவர் மறுபடியும் லென்ஸை வைத்துப் பார்த்தார், சுற்றியிருக்கிற மெல்லிசுக் கோடுகளையும் இப்போது பார்த்திருக்க வேண்டும், முகம் வாடிவிட்டது, அந்த வாட்டத்தைப் பார்த்ததும் இவரும் என் மாதிரி ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன். ரொம்ப மெதுவாக, "அப்ப சாத்தன்னே போட்டுக்கலாங்களாம்மா? அதுதான் வழக்கமா வர்ற பேரு" என்றார்.

"அதுக்கும் ன் இல்லீங்களே சார்" என்றேன். என் குரல் எனக்கே பெரிசாகக் கேட்டது. "இல்லாத கோட்டை நான் போடலீங்க. இல்லாத எழுத்தை நீங்களும் போடாதீங்க. ஓட்டுல என்ன இருக்குதோ அது வரைக்கும் எழுதுங்க, வெளக்குனதையும் பக்கத்துல எழுதிருங்க."

அவர் பென்சிலை எடுத்தார். சா எழுதினார், த் எழுதினார், த எழுதினார், பென்சில் அங்கேயே நின்றது, அதற்கு மேல் போகவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர் பதறிப்போய்த் தண்ணீர் எடுக்க எழுந்தார். "இருக்கட்டுங் சார், உக்காருங்க" என்றேன். "எழுதினதை ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க."

"சாத்த" என்று வாசித்தார்.

"அவ்வளவுதானுங்" என்றேன்.